பந்திங்கிலிருந்து வந்த ‘சரி’

எங்கள் காற்பந்துக் குழுவின் ஐம்பதாம் ஆண்டு மலரில் ஒரு பக்கத்தை மட்டும் நான் இரண்டாம் முறை திருப்பியதில்லை. “மேலாளரின் கவனக்குறைவால் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது” என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மேலாளர் என் அப்பா.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் தொடங்கிய குழு அது. நான் பிறப்பதற்குள் தோட்டம் போய் மாடி வீடுகள் வந்துவிட்டன. தோட்டத்தின் பெயர் மிச்சமிருந்தது இரண்டே இடங்களில்: ஒன்று ஆட்டக்காரர்களின் ஜெர்சி, மற்றொன்று திங்கட்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் வரும் லீக் அட்டவணை. அதில் எங்கள் பெயரை மேலிருந்து தேடினால் மூச்சு வாங்கும். ஆனாலும் அப்பா வாராவாரம் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார். முதல் பிரிவின் அட்டவணையை மட்டும்தான் பத்திரிகை போடும். கீழே இறங்கிவிட்டால் தோட்டத்தின் பெயர் அச்சில் வராது.

எனக்கு எட்டு வயதானபோது கடைசி ஆட்டம் வரை அந்த ஆபத்து வந்து நின்றது. நாங்கள் கடைசி இடம். எங்களுக்கு ஒரு புள்ளி மேலே இருந்த குழு அதே மாலை பக்கத்து ஊரான பந்திங்கில் ஆடியது. அவர்கள் தோற்றால் எங்களுக்கு டிரா போதும், கோல் கணக்கில் தப்பிவிடுவோம். அவர்கள் டிரா செய்தால் நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும்.

கிள்ளானில் மழை பெய்ததால் எங்கள் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. பந்திங் முடிவைப் போனில் சொல்ல, குழுவுக்கு வேன் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவரை அப்பா அங்கே அனுப்பியிருந்தார். பாக்சிக் என்று கூப்பிடுவோம். எங்களோடு பழகிப் பழகி அவர் வாயில் ஒட்டிக்கொண்ட தமிழ்ச் சொல் ‘சரி’. என்னைப் பார்த்தால் “சரியா, தங்கச்சி?” என்பார்.

தூறல் விடவில்லை. மற்றவர்கள் கூடாரத்துக்குள் ஒதுங்க, அப்பா கோட்டோரம் நனைந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தார். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொடுத்திருந்தார். “அடிச்சா எடும்மா. ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு கேட்டுச் சொல்லு.”

ஆளுக்கொரு கோல் ஆகி, கால் மணி நேரம் மிச்சமிருந்தபோது போன் அடித்தது. “மெனாங்? காலா?” என்று கத்தினேன். வென்றார்களா, தோற்றார்களா என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். பாக்சிக் இரைச்சலுக்கு நடுவே, “செரி! செரி!” என்றார். அதோடு லைன் போய்விட்டது.

நான் ஓடினேன். “அப்பா, சரியாம்ப்பா!”

“தோத்துட்டாங்களா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் இருக்க, போன் என் கையில் அல்லவா இருந்தது! பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

“நல்லா கேட்டியா?”

“கேட்டேன்ப்பா.”

அப்பா உடனே எல்லோரையும் தடுத்தாடச் சொன்னார். முன்வரிசையில் ஆடிய சித்தப்பா, “அண்ணே, இன்னொரு கோல் போட்டுடலாம்ணே!” என்று கெஞ்சினார். “வேணாம்டா, பின்னால வந்து நில்லு!” என்று அப்பா அடக்கிவிட்டார். ஆட்டம் டிராவில் முடிந்தது. அப்பாவின் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கொண்டாடினார்கள். அப்போது பாக்சிக் மறுபடியும் கூப்பிட்டார். இம்முறை அப்பாவே எடுத்தார். கேட்டுவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார்.

அந்த வாரமே குழுவின் கூட்டம் நடந்தது. சுவரில் லீக்கின் கடைசி அட்டவணையை மலாயில் ஒட்டியிருந்தார்கள். ‘மெனாங்’ தெரியும், ‘காலா’ தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: செரி. வென்றதற்கும் தோற்றதற்கும் நடுவில் என்ன இருக்கும் என்பது எட்டு வயதுக்கும் தெரியும். குடித்துக்கொண்டிருந்த சிராப் தண்ணீரை அப்படியே கீழே வைத்தேன்.

“போன யாருண்ணே எடுத்தா?” சித்தப்பா கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

நான் நாற்காலிக்குள் குறுகினேன். எழுந்து ‘நான்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

“நான்தான் எடுத்தேன்,” என்றார் அப்பா. “நான்தான் தப்பா கேட்டேன்.”

மேலாளர் பதவியை அன்றே விட்டார். சித்தப்பா அவரோடு பல மாதம் பேசவில்லை. வெட்டி ஒட்டிய நோட்டு பாதியோடு நின்றது.

அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எனக்குக் கச்சான் பூத்தே கடலை ஒரு பொட்டலம் வாங்கித் தந்தார். போன் என் கையில் இருந்ததையே மறந்துவிட்டாரே, அப்பாவுக்கு எவ்வளவு மறதி என்று நினைத்துக்கொண்டு, ஒரு கடலைகூட மிச்சம் வைக்காமல் நிம்மதியாகத் தின்று முடித்தேன்.