மொட்டைமாடியிலிருந்து இறங்கிய வயர்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். அதற்காக என்னோடு சண்டை போடாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. நானும் திருப்பிக் கத்தினேன்.

ஒரு கோடையில் ஆட்டோ இடித்துக் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு. படியேறக் கூடாது. மனைவிக்குத் தேனீ என்றாலே பயம். பகலெல்லாம் ஆபீஸ் வேறு. முந்தைய கோடையில் இன்னொரு பெட்டி சூடு தாங்காமல் மெழுகு உருகிச் செத்திருந்தது. இதுவும் அப்படிப் போய்விடுமோ என்று படுத்தபடி எரிந்துகொண்டிருந்தேன்.

பார்க்க வந்த எதிர்க்கடை டிவி மெக்கானிக்கிடம் புலம்பினேன். பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று கட்டிலில் இருந்தே தெரிய வேண்டும், முடியுமா?

"இன்னா சார், தேனீக்கு ஜுரம் பாக்கணுமா? அப்பால ஊசி போடவும் ஆள் கேப்ப போல கீதே."

"கிண்டல் போதும். முடியுமா, முடியாதா?"

"முடியும். கொட்டுச்சுன்னா கட்டில்லயே வந்து ஒதைப்பேன்."

இருட்டும் நேரத்தில் மேலே போனார். மிளகளவு சென்சார் ஒன்றைப் பெட்டிக்குள் குஞ்சுகள் வளரும் அடைக்குப் பக்கத்தில் செருகினார். அதன் வயரை ஆன்டெனா வயரோடு சேர்த்துக் கட்டி, சுவரோரமாக இறக்கி, என் ஜன்னல் வழியே உள்ளே விட்டார். தலைமாட்டில் ஒரு சின்ன மீட்டர். குஞ்சுகள் இருக்கும் இடத்தைத் தேனீக்கள் முப்பத்தைந்து டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். எண் அங்கே நின்றால் கூடு நலம். கொட்டு வாங்கி வீங்கிய காதோடு சிரித்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் எண் ஏறத் தொடங்கியது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் ஏறியது. ஊன்றுகோலால் ஜன்னல் கம்பியை அடித்துக் கத்தினேன்.

மேல்மாடி மாமி எட்டிப் பார்த்தார். "ஏன் இப்படி அலர்றேள்? யாரோ போயிட்டான்னு பயந்துட்டேன்."

"பெட்டி கொதிக்குது மாமி. மேல போய்ப் பாருங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நான்தான் வேஷ்டியை நாலா மடிச்சு பெட்டி வாசலை மூடி வெச்சிருக்கேன். ஈர வடாத்துல வந்து ஒட்டிண்டு சாகறதுகள். யார் திங்கறது?"

"வாசலை மூடிட்டா காத்து எப்படிப் போகும்? உள்ள குஞ்செல்லாம் வெந்துடும்."

"குஞ்சா?" என்றார். ஜன்னலிலிருந்து தலை மறைந்தது. படியில் செருப்புச் சத்தம் ஏறியது.

மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் எண் அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கியது.

முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியபடி மாமி நேராக என் வீட்டுக்கு வந்தார். "எடுத்துட்டேன். வாசல்ல கூட்டமா நின்னு இறக்கையால விசிறிண்டிருக்குகள். பாவம். அது சரி, என் வடாத்துல அதுகளுக்கு என்ன வேலை?"

"தண்ணி தேடி வருது."

அன்றே ஒரு பழைய தாம்பாளத்தில் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பெட்டியருகே வைத்தார். தேனீக்கள் அங்கே போயின. வடாம் தப்பியது.

நன்றி என்று வாயால் சொல்ல எனக்கு வராது. வீங்கிய காதுக்கும் அந்தத் தாம்பாளத்துக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் என் பெட்டி பிழைத்தது அவர்களால்தான்.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் காலையில் வடாம் மாவுப் பாத்திரத்தோடு மாமி என் வாசலில் நின்றார்.

"நம்பர் சரியா இருக்கோன்னோ?"

"இருக்கு."

"அப்போ போய்ப் பிழியறேன்."