படகுக் கூரையும் பட்டறை ஷட்டரும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லோகநாதனுக்கு ஒரு பிரஸ் பட்டறை இருக்கிறது. கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்புக் கிளிப்புகளை அங்கே அடிக்கிறார்கள். பட்டறையின் ஷட்டர் தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிற்கும். அதற்கு மேல் ஏறாது என்று சொல்ல முடியாது. சரக்கு லாரி வந்தால் ஏறும். லாரி போனதும் மறுபடி நாலடிக்கு இறங்கிவிடும். ஆட்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும், குனிந்துதான் வெளியே வர வேண்டும்.

இது ஒரு வாஸ்துக்காரரின் யோசனை. உள்ளே எதிர்ச் சுவரில் லட்சுமி படம் மாட்டியிருக்கிறது. நுழைகிறவர்கள் தலை வணங்கி நுழைந்தால் ஆர்டர் பெருகும் என்று அவர் சொன்னார். தாமாக வணங்குவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை போலிருக்கிறது. ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டார். முதலாளிக்குப் பக்கவாட்டில் ஆபீஸ் கதவு உண்டு. அதன் உயரம் ஏழடி. அந்த வழியாகப் போகிறவரிடம் லட்சுமி என்ன எதிர்பார்க்கிறாள் என்று வாஸ்துக்காரர் சொல்லவில்லை.

வேம்புலி பத்தொன்பது வருடமாக அங்கே பிரஸ் ஆபரேட்டர். முதலாளிக்கும் அவனுக்கும் ஒரே ஊர், பக்கத்து மேனாம்பேடு. வேம்புலியின் அப்பா லோகநாதன் குடும்பத்து நிலத்தில் கூலிவேலை செய்தவர். கடைசிவரை அவர்கள் வீட்டு முன்வாசல் வழியாக நுழையாமலே செத்துப்போனார். அந்த நிலத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது.

பேக்கிங்கில் இருக்கும் சாவித்திரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பில் டாக்டர் கொடுத்த பெல்ட். கக்கூஸ் வெளியே, தண்ணீர் வெளியே, டீ வெளியே. ஒரு நாளைக்குப் பதினாலு தடவை அவள் ஷட்டருக்கு அடியில் குனிகிறாள் என்று வேம்புலி ஒருநாள் எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பாள்.

கிளிப் வாங்கும் ஜப்பான் கம்பெனி, பட்டறையில் ஒரு யோசனைப் பெட்டி வைக்கச் சொல்லியிருந்தது. வேம்புலி பதினொரு தடவை அதில் ஒரே அட்டையைப் போட்டான்: ஷட்டரை முழுசாக ஏற்றவும். ஐந்து தடவை 'பாதுகாப்பு கருதி இயலாது' என்று பதில் வந்தது. நாலு தடவை 'தூசி வரும்'. மீதி இரண்டுக்கும் பதில் இல்லை.

பன்னிரண்டாவது அட்டையில் வேறொன்று எழுதினான். அடித்த கிளிப்புகள் தரையில் விழுகின்றன, சாவித்திரி குனிந்து பொறுக்குகிறாள். ஒரு தகரச் சரிவு வைத்தால் அவை நேராக மேசைக்கே வந்துவிடும். கழிவுத் தகரத்திலேயே செய்துவிடலாம் என்பதால் லோகநாதன் சம்மதித்தார். வேலையாள் குனிவதைக் குறைத்ததற்காக ஜப்பான் கம்பெனி அந்த வருட விருதை அந்தச் சரிவுக்குக் கொடுத்தது. முதலாளியும் அட்டை எழுதிய தொழிலாளியும் ஜப்பானுக்கு வர வேண்டும் என்றார்கள். லோகநாதன் தன் மச்சானுக்கு யூனிஃபார்ம் மாட்டிப் போட்டோ எடுத்து அனுப்பிப் பார்த்தார். அட்டையில் வேம்புலி என்று கையெழுத்து இருக்கிறதே, இவர் யார் என்று கேட்டு மெயில் வந்தது.

"ஜப்பானு போறியாமே," என்றாள் சாவித்திரி. "எனுக்கு ஒரு தைலம் வாங்கினு வாடா. இங்க விக்கிறதெல்லாம் வாசனைதான் வருது, வலி போவல."

வாஸ்துக்காரர் லோகநாதனுக்கு மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை ஜப்பான் விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். அதன்பிறகும் பயணம் நல்லபடியாகவே நடந்தது.

விருது விழா முடிந்த மறுநாள் எல்லாரையும் மட்சுயே என்ற பழைய கோட்டை நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். கோட்டை அகழியில் சுற்றுலாப் படகு விடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுத் தரையில் உட்கார வேண்டும். பிப்ரவரிக் குளிருக்காக நடுவில் தாழ்வான மேசை, அதன்மேல் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை, அடியில் கணப்பு. எதிர்ப்பக்கம் கம்பெனியின் தர அதிகாரி ஒகாடா உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிவேதிதா; அம்பத்தூரிலிருந்து இவர்களோடு வந்த பெண். காதில் விழுவதையெல்லாம் மொழிபெயர்ப்பது அவள் வேலை. எதை விட வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

படகோட்டி, ஓய்வுபெற்ற தபால்காரர். வழியில் சில பாலங்கள் மிகவும் தாழ்வானவை, அங்கே படகின் கூரையை இறக்குவேன், எல்லாரும் மேசைமேல் கவிழ்ந்துகொள்ளுங்கள் என்றார். புறப்படும் முன்பே ஒரு ஒத்திகையும் பார்த்தார். எல்லாரும் கவிழ்ந்தார்கள். லோகநாதன் மோவாயை மட்டும் இரண்டு அங்குலம் இறக்கினார். வேம்புலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கரையில் பைன் மரங்கள், பழைய வீடுகள், தண்ணீரில் வாத்துகள். வேம்புலிக்கு எல்லாமே பிடித்திருந்தது. முதல் தாழ்வான பாலம் வந்தது. கூரை இறங்கி லோகநாதனின் உச்சந்தலையில் 'டங்' என்று உட்கார்ந்தது. படகோட்டி கூரையை நிறுத்தினார், படகையும் நிறுத்தினார். பின்னால் வந்த படகும் நின்றது.

"இன்னாம்மா, நிறுத்திட்டான்?" என்று லோகநாதன் நிவேதிதாவிடம் கேட்டார்.

"நீங்க குனியணும் சார்."

"நான் எவனுக்கும் குனிஞ்சவன் இல்லன்னு சொல்லு. பாலத்த ஒசத்திக் கட்டச் சொல்லு."

அவள் இரண்டையும் சொன்னாள். படகோட்டி தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். பாலத்துக்கு மேலே ரோடு, இரண்டு பக்கமும் வீடுகள், அதைத் தூக்க வழியில்லை, அதனால்தான் கூரை இறங்கும்படி படகைச் செய்தோம் என்றார். தூக்க முடிந்திருந்தால் தூக்கியிருப்போம், காரணமில்லாமல் யாரையாவது குனியச் சொல்வோமா என்றும் கேட்டார்.

வேம்புலி மெதுவாகச் சொன்னான்: "குனிங்க சார். ஒண்ணியும் ஆவாது. நாங்கல்லாம் டெய்லி பதினாலு வாட்டி குனியறோம்."

லோகநாதன் தொந்தியை மடித்துக் கவிழ்ந்தார். கூரை இறங்கியது, படகு பாலத்துக்கடியில் நுழைந்தது. நிவேதிதா அதற்குள் வேம்புலி சொன்னதையும் ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்திருந்தாள்.

இருட்டில், ரஜாயில் நெற்றி பதித்தபடி, ஒகாடா கேட்டார்: "பதினாலு தடவையா? எங்கே?"

பதில் சொன்னால் வேலை போகலாம். மகள் ஜெயப்பிரியா வேலப்பன்சாவடி காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சொல்லாவிட்டால் சாவித்திரி ரிட்டயர் ஆகும்வரை குனிவாள். முதலாளியின் தலை வேம்புலியின் தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அதே உயரத்தில் இருந்தது. திரும்பி முறைக்க அவருக்கு இடமில்லை. இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று வேம்புலிக்குத் தோன்றியது. ஷட்டரைப் பற்றிச் சொன்னான். சாவித்திரியின் பெல்ட்டைப் பற்றியும் சொன்னான்.

"ஷட்டர் பழுதா?" என்றார் ஒகாடா.

"இல்ல சார். லாரிக்கு ஏறும்."

பிறகு ஒகாடா லோகநாதனிடம் காரணம் கேட்டார்.

"தூசிங்க."

"லாரி வரும்போது தூசி வராதா?"

படகு வெளிச்சத்துக்கு வந்தது. கூரை ஏறியது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். லோகநாதன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கவிழ்ந்தே இருந்தார். ஒகாடா சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

திரும்பி வரும் விமானத்தில் லோகநாதன் ஒரே ஒரு தடவை பேசினார். "உன்னப் போயி கூட்டினு வந்தேன் பாரு!"

"நீங்க கூட்டினு வரல சார். அவங்கதான் கூப்ட்டாங்க."

வேலை போகவில்லை. விருது வாங்கியவனை நிறுத்தினால் ஜப்பானுக்குக் காரணம் எழுத வேண்டும். மூன்றாம் வாரம் கம்பெனியின் தணிக்கைப் பட்டியலில் இருபத்து மூன்றாவது வரியாக ஷட்டர் உயரம் சேர்ந்தது. தினமும் காலையில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பதினொரு அட்டையும் ஒரு பெண்ணின் இடுப்பும் சேர்ந்து ஏற்ற முடியாததை அந்த ஒரு வரி ஏற்றிவிட்டது. லட்சுமி ஆபீஸ் அறைக்குப் போனாள். வாஸ்துக்காரர் வந்து பார்த்து, முன்னைவிட இதுதான் சரியான திசை என்றார்.

ஷட்டர் ஏறிய முதல் நாள் காலை சாவித்திரி வாசலில் வந்து நின்று மேலே பார்த்தாள்.

"இன்னாடா, லாரி எதனா வருதா?"

"இல்லக்கா. நமக்குத்தான் ஏத்திகீறாங்க."

"எத்தினி நாளிக்கி?"

"இனிமே அப்டித்தான்."

அவள் பழக்கதோஷத்தில் முட்டியைப் பிடித்துக் குனிந்து உள்ளே வந்தாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வெளியே போனாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து, திரும்பவும் உள்ளே வந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தைலம் எங்கடா?"

வேம்புலி கொடுத்தான். அவள் பேக்கிங் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு மூன்று. சூப்பர்வைசர் உதயகுமார் மூன்று நிமிடம் தாமதம் என்று எழுதி அவள் பெயரில் அரை நாள் லீவ் போட்டார்.

வேம்புலி யோசனைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலிருந்து புது அட்டை ஒன்றை உருவினான்.