வெளியேறு என்றொரு பொத்தான்

உத்தமபாளையத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது கட்டடக்காரர் ஒருநாள் என்னைக் காலி பண்ணச் சொன்னார். வாடகைப் பாக்கியோ சண்டை சச்சரவோ எதுவும் கிடையாது. காரணம் ஒரு பொத்தான். அதிலிருந்த சொல்லை எழுதியவள் நானேதான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் அந்தக் கோபம் என்ன பாடு படுத்தும் என்பதை அந்த நோன்பு மாதத்தில்தான் கண்டேன்.

கீழே அவருடைய உரக்கடை, மாடியில் என் கடை. பூச்சிமருந்து வாடை படியேறி வந்து கணினிகளோடு உட்கார்ந்திருக்கும். அனுமந்தன்பட்டியிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வந்து நான்தான் கதவைத் திறப்பேன். கட்டடக்காரர் ராவுத்தர், பஜாரில் பாதிப் பேருக்கு அவர் மாமா, எனக்கும்தான். அவருக்கு நான் ஆத்தா. வீட்டில் எனக்கு மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் யாரோ ஒருவருக்குக் கைகட்டி நிற்பதைவிட இங்கே சொந்த நாற்காலியில் ஈ ஓட்டுவது மேல் என்று பிடிவாதம் பிடித்துத் திறந்த கடை அது. அந்தக் கடை போனால் எனக்கு மெட்ராஸ்தான்.

யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்கள் அப்போது எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. என்னிடம் இருந்ததோ திருட்டுப் பிரதி. கூட்டமான நேரம் பார்த்து உறைந்துபோகும். ஒருநாள் ஆத்திரத்தில் அதை அழித்துவிட்டு நானே ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் மூலநிரலோடு இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் தரலாம் என்று உரிமக் குறிப்பு வைத்து, மின்னஞ்சலில் பேசிக்கொள்ள ஒரு மடற்குழுவும் தொடங்கினேன்.

மாமாவுக்கு இது விளங்கவே இல்லை.

"சும்மாவா குடுத்த?"

"ஆமா மாமா."

"எப்படிச் செஞ்சங்கிறதையும் சேத்தா?"

"அதையும் சேத்துத்தான்."

"கடைச் சாவிய பஜார்ல வீசிட்டு வந்துருக்க. நல்லா வருவ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மலேசியாவுல இப்ப நம்ம புரோகிராம்தான் ஓடுது மாமா," என்றேன். அது பொய்யில்லை. கிள்ளானில் ஒரு கடைக்காரர் அதைப் போட்டிருப்பதாக மடல் எழுதியிருந்தார். ஒரு கடைதான் என்பதை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மடற்குழுவில் நிறையப் பேர் சேர்ந்தார்கள், வேலை செய்தது இரண்டு பேர். ஒருவர் மெட்ராஸ் பொறியாளர். வடமொழி எழுத்து ஒன்று தட்டுப்பட்டால் கல்லைக் கடித்தவர் மாதிரி ஆகிவிடுவார். இன்னொருவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் டொராண்டோவில் குடியேறியவர். பனி பெய்தால் நிரல் எழுதுவார், வெயில் வந்தால் ஆளைக் காணோம். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் மடலில் சம்பந்தி வீட்டார் மாதிரி சண்டை போடுவோம்.

நேரம் தீர்ந்தால் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வரும்படி செய்திருந்தேன். கல்லூரிப் பையன்கள் அரட்டையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் சிவப்பில், கொட்டை எழுத்தில், "நேரம் முடிந்தது" என்று எழுதி, கீழே ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். அதில் "வெளியேறு" என்று இருக்கும். பையன்களிடம் அது நன்றாகவே வேலை செய்தது.

நோன்பு தொடங்கிச் சில நாள் கழித்து மாமா முதன்முறையாக மாடியேறி வந்தார். அசர் தொழுகை முடித்த கையோடு இரண்டு கூட்டாளிகளையும் அழைத்து வந்திருந்தார். மலேசியாவிலிருக்கும் மகள் பேரனுடைய படங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். நான் திறந்து கொடுத்தேன். மூவரும் ஒரே நாற்காலியைப் பங்கு போட்டுக்கொண்டு, மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று ஆராய்ந்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் உட்கார்ந்த கணினிக்கு நேரக் கணக்கை நிறுத்திவைக்க மறந்துவிட்டேன்.

பேரன் முகம் மறைந்து சிவப்புப் பெட்டி வந்தது. மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கடையில் மூட்டை எண்ணும் குரலில் வாசித்தார்.

"நேரம்... முடிந்தது. வெளி... யேறு."

கூட்டாளிகளில் ஒருவர் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்குவதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"என் கட்டடத்துல உக்காந்துக்கிட்டு என்னையவே வெளியேறுங்குது. அதுவும் நேரம் முடிஞ்சுபோச்சாம்."

"மாமா, அது எல்லாத்துக்கும் சொல்றதுதான். இப்பவே மாத்திர்றேன்."

"இங்கன மாத்திருவ. மலேசியாவுலயும் ஓடுதுன்ன. அங்கன என் சம்பந்தி இருக்காக. அவுக போயி உக்காந்தாலும் இதத்தான் சொல்லுமா?"

என் பெருமையை எடுத்து என் மண்டையிலேயே போட்டார்.

"எல்லா ஊருலயும் மாத்து. இல்ல, பெருநாளோட காலி பண்ணிரு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அவருடைய மனைவி நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பாமல் தானே தூக்குவாளியில் கொண்டுவந்தார். கஞ்சி ஒரு சாக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அவுக ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக, கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டாக. அப்படி என்னத்தா சொல்லுச்சு உன் பொட்டி?"

சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இத்தன வருசமா நான் சொல்ல நெனச்சத அது ஒரு நிமிசத்துல சொல்லிருச்சு," என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆனா சொன்னா செய்வாக. பாத்துக்க," என்றார்.

என் கடையில் மட்டும் மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் பொதுப் பதிப்பில் எந்தச் சொல்லை மாற்றினாலும் மூவரில் இருவர் ஒப்ப வேண்டும் என்று நானே விதி எழுதிவைத்திருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மடல் போட்டேன்.

மெட்ராஸ் பொறியாளரின் பதில் உடனே வந்தது. "பொத்தான் என்பது பயனர் கணினிக்கு இடும் கட்டளை. திற, மூடு, சேமி என்பன போன்றதே வெளியேறு. கட்டளைக்கு மரியாதை விகுதி தேவையற்றது."

எனக்கு ஏறிவிட்டது. "திற என்றால் கணினி திறக்கும். சேமி என்றால் சேமிக்கும். வெளியேறு என்றால் கணினியா எழுந்து போகும்? அது மேசை மேல்தானே இருக்கிறது. போகிறவர் எங்கள் மாமா," என்று எழுதினேன்.

அவர் இரண்டு நாள் யோசித்து, "அப்படியாயின் விடுபதிகை என்று வைக்கலாம்," என்றார். அது ஏதோ லேகியத்தின் பெயர் போலிருக்கிறது என்றேன். டொராண்டோக்காரர், "வெளிக்கிடு எண்டு போடுவமே," என்றார். அவர்கள் ஊரில் கிளம்பு என்பதற்கு அது நல்ல சொல்லாம். எங்கள் மாமா அதை எழுத்துக் கூட்டிப் படித்தால் பாதியிலேயே கடையைப் பூட்டிவிடுவார் என்றேன். "வெளியேறவும்" என்பதை நானே சொல்லி நானே தள்ளினேன். செருப்பைக் கழற்றவும், எச்சில் துப்பாதிருக்கவும் என்று சுவரில் எழுதும் தமிழ் அது. இப்படியே நாட்கள் ஓடின. பேரீச்சம்பழப் பெட்டிகள் பஜாரில் குறையக் குறைய எனக்குத் தூக்கம் குறைந்தது. அழுகைகூட வந்தது, கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பெருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மாமா மறுபடி மாடியேறினார். நான் மூட்டை கட்டியிருக்கிறேனா என்று பார்க்க வந்தார். எதுவும் கட்டவில்லை என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே சத்தம் போட்டார்.

"விளையாட்டுனு நெனச்சியா? பெருநாளைக்கு மறுநா சாவி என் கையில இருக்கணும். அதுக்கு மேல ஒரு நா கெடையாது. பொம்பளப் பிள்ளையாச்சேனு பாக்க மாட்டேன்."

"சரி மாமா."

"அம்புட்டுத்தான் பேச்சு." வாசல்வரை போனார். படியில் கால் வைத்ததும் தலையை மட்டும் திருப்பி, "வாறேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளை விரட்ட வந்தவர், விரட்டி முடித்துவிட்டு, வாறேன் என்று சொல்லிக்கொண்டு போகிறார். போறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. நம் ஊரில் யாருக்குத்தான் வளையும்?

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வாங்க மாமா."

அவர் இறங்குவதற்குள் மடல் எழுத ஆரம்பித்தேன். பொத்தான் கணினி நம்மிடம் சொல்வதாக இருக்க வேண்டாம், நாம் கணினியிடம் இடும் ஆணையாகவும் வேண்டாம். போகிறவர் போகும்போது சொல்வதாக இருக்கட்டும். "நேரம் முடிந்தது" என்பது "நேரமாயிற்று" ஆகட்டும். அதன் கீழே, "வருகிறேன்."

மெட்ராஸிலிருந்து இடி விழுந்தது. வருகிறேன் என்றால் உள்ளே வருவது என்றல்லவா பொருள், வெளியேறும் பொத்தானில் அதை வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். உத்தமபாளையத்து நியாயம் என்றேன். அவர் ஒரு நீண்ட மடல் எழுதினார். கலைச்சொல்லாக்க நெறிகள், என் அவசர புத்தி, மாமாக்களின் பேச்சைக் கேட்டு மென்பொருள் செய்வதன் ஆபத்து எல்லாம் அதில் இருந்தன. "இனி இத்திட்டத்தில் எனக்கு வேலையில்லை. என் பெயரை நீக்கிவிடலாம்," என்று முடித்து, கடைசியில் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்: "வருகிறேன்."

நான் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, வேறு எதுவும் எழுதாமல், குழுவுக்குத் திருப்பி அனுப்பினேன்.

டொராண்டோவில் பனி பெய்துகொண்டிருக்க வேண்டும். பதில் அப்போதே வந்தது. "எங்கட ஊரிலயும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுறது. இணைச்சாச்சு. ஐயாவும் போட்டு வரட்டும்." போட்டு என்றால் அவர்கள் ஊரில் போய்விட்டு. மெட்ராஸ் ஐயா மூன்று நாள் கழித்து வந்தார், இரண்டு ஒற்றுப்பிழைகளுக்குத் திருத்தம் அனுப்பினார், எதுவும் நடக்காததுபோல் இருந்துகொண்டார். கிள்ளான் கடைக்காரருக்கு நானே மடல் எழுதி, கெஞ்சி, புதிய பதிப்பைப் போடவைத்தேன். அவர் கடையில் சில பேர் இன்னும் நேரம் கிடைக்கும் என்று நினைத்து "வருகிறேன்" என்பதை அமுக்கி வெளியே விழுவதாகப் பிற்பாடு புகார் வந்தது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

பிறை தெரிந்த அன்று மாலை மாமாவை நானே மாடிக்கு அழைத்தேன். பேரனுக்குப் புதுச்சட்டை போட்ட படம் வந்திருந்தது. இந்த முறை நேரக் கணக்கை மறக்கவில்லை. வேண்டுமென்றே குறைத்து வைத்தேன்.

சட்டையை அவர் மெச்சிக்கொண்டிருக்கும்போதே பெட்டி வந்தது. சிவப்பைப் பச்சையாக்கியிருந்தேன். மாமா என்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

"நேர... மாயிற்று." விரலை அடுத்த வரிக்கு இறக்கினார். "வருகி... றேன்."

அமுக்கினார். திரை மங்கி அடங்கியது.

"மலேசியாவுலயுமா?"

"மலேசியாவுலயும்."

"ம்."

அந்த "ம்"மை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப நாளைக்கு மறுநா சாவி தரணுமா மாமா?"

"எதுக்கு?"

"நீங்கதான வெளியேறச் சொன்னீங்க."

"நானா சொன்னேன்? உன் பொட்டியில்ல சொல்லுச்சு."

எழுந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனார். படிக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொன்னால் நான் சிரிப்பேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லாமல் படியிறங்கவோ அவரால் முடியாது. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றவர், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு டீ சொல்லு ஆத்தா," என்றார்.