ஐரிஷ் கூடாரத்தில் ஒரு திகதி

மனைவி இறந்து ஐந்தாவது மாதத்தில் நான் ஒரு ஐரிஷ் இசை விழாவுக்குப் போனேன். போக விருப்பம் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், கன்னம் இருப்பது விரலுக்கு மட்டும்தானே தெரியும்.

செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். லண்டனில் ஒரு கவுன்சிலில் வாடகை உதவி மேன்முறையீடுகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும், எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் மனப்பாடம். இறப்பைப் பதிந்தேன். சான்றிதழ்ப் பிரதிகள் எடுத்தேன். அவளுடைய பஸ் பாஸைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். அப்படி அனுப்புகிறவர்கள் அதிகம் இல்லைப் போலும். நன்றி தெரிவித்து அவளுடைய பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. எங்கள் சடங்கு முறைகளிலும் பிசகு விடவில்லை. முப்பத்தோராம் நாள் முடிந்து, மாதா மாதம் மாசியம் நடந்தது. வருடம் திரும்பும் பெப்ரவரியில் ஆட்டைத் திவசம். அந்த ஒரு வருடம் முடியும் வரை வீட்டில் நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை.

சிக்கல் அங்கேதான் இருந்தது. மகள் ஒரு ஐரிஷ்காரனை மணமுடிக்க இருந்தாள். அவனுடைய தகப்பனுக்கு நுரையீரலில் புற்றுநோய். கிறிஸ்மஸ் வரை இருப்பாரா என்பதே டாக்டர்மாருக்குச் சந்தேகம். கலியாணத்தை செப்டெம்பரில் வைத்தால் அவர் பார்ப்பார். பெப்ரவரி என்றால் படத்துக்கு மாலை போடலாம்.

எங்கள் வால்தம்ஸ்டோவிலிருந்து விழா நடக்கும் ஃபின்ஸ்பரி பார்க் நாலைந்து ஸ்டேஷன்தான். அதற்குள் மகள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அவற்ற அப்பா இண்டைக்கு செப்டெம்பரைப் பற்றிக் கேப்பார். ப்ளீஸ், ஓம் எண்டு சொல்லுங்கோ."

"கேக்கட்டும், பாப்பம்."

"பாப்பம் எண்டால் உங்கட ஒபிஸில ரிஜெக்ட் எண்டுதானே அர்த்தம்?"

"இல்லை. பரிசீலனையில இருக்கு எண்டு அர்த்தம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் பகிடியாகச் சொல்லவில்லை.

பூங்கா வாசலில் பையைச் சோதித்தார்கள். சம்பந்தி வீட்டாரை வெறுங்கையோடு பார்க்கப் போகக்கூடாது என்று காலையில் தமிழ்க் கடையில் உளுந்து வடை வாங்கியிருந்தேன். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றான் காவலாளி. டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருத்துவ விலக்கு என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி, என் நீரிழிவுக்கு டாக்டர் தந்த கடிதத்தையும் நீட்டினேன். பன்னிரண்டு வடையும் ஒருவருக்கோ என்று கேட்டான். எண்ணிக்கைக்கு விதி இல்லை என்றேன். விட்டுவிட்டான். மகள் பத்தடி முன்னால், என்னைத் தெரியாதவள் போல நடந்தாள்.

பெரிய மேடையில் யாரோ கத்தினார்கள். பச்சைத் தொப்பி போட்ட சனம் சேற்றில் குதித்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்டது. காதுக்கு அப்பால் எதுவும் போகவில்லை.

மாப்பிள்ளையின் பெற்றோர் ஒரு சின்னக் கூடாரத்துக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். தகப்பன் கட்டட வேலை செய்து களைத்தவர். சட்டைக்குள் உடம்பு மிச்சமில்லை. காலடியில் அக்கோடியன் பெட்டி. பின்னேரம் கூடாரத்தில் பழைய கூட்டாளிகளோடு வாசிக்க வந்திருந்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் எழுதப் போனால் யாழ்ப்பாணத் தமிழ்தான் கைக்கு வருகிறது. அந்த இழுவை அப்படி.

"தேத்தண்ணி?" என்று பிளாஸ்கைத் தூக்கினார்.

"வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்."

"ஒரு சொட்டு?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல்."

"கரைச்சலோ? கப்பைப் பிடியும், மனிசா!"

பிடித்தேன். முப்பது வருடத்தில் இந்த நாட்டில் என்னை மூன்றாந்தரம் கேட்ட முதல் ஆள் அவர். ஆங்கிலேயர் வீட்டில் ஒருமுறை வேண்டாம் என்றால் விஷயம் முடிந்தது. என் மனைவி அப்படி எத்தனையோ வீடுகளிலிருந்து நாவறண்டு திரும்பியிருக்கிறாள்.

அவருடைய மனைவி ஒரு வடையை எடுத்து ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"இது டோனட்டோ?"

"டோனட்டுக்கு ஆர் மிளகு போடுறது, விசரி? தின்னும்," என்றார் அவர். பிறகு சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்க நேரமெடுத்தது.

மகளும் மாப்பிள்ளையும் சிப்ஸ் வாங்கப் போனார்கள். போன விதத்திலேயே ஏற்பாடு என்று தெரிந்தது.

"செப்டெம்பரில ஒரு சனிக்கிழமை வைப்பமோ?" என்று கேட்டார். "அதுக்குப் பிறகு எனக்கு நேரம் காணாது."

"என்ர மனிசி செத்து இன்னும் வருசம் திரும்பேல்லை," என்றேன். "எங்கட முறைப்படி அதுக்குள்ள கலியாணம் வைக்கிறேல்லை."

நான் மறுக்கவில்லை. விதி இன்னது என்று பதிவு செய்தேன், அவ்வளவுதான். கேட்டவுடன் ஓம் என்று சொல்ல எந்தப் பெண்ணின் தகப்பனுக்கும் ஏலாது. அவர் இன்னொரு தரம் கேட்பார். சனம் என்ன சொல்லும் என்பேன். மூன்றாந்தரம் கேட்பார், இவ்வளவு வற்புறுத்திறியள், என்ன செய்ய, என்பேன். முடிவு எடுத்தவன் நானாக இருக்க மாட்டேன். மனைவியின் சகோதரங்களுக்குச் சொல்ல ஒரு காரணமும் கையில் இருக்கும். ரயிலிலேயே தீர்மானித்து வைத்திருந்தது இதைத்தான்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்பிடியெண்டால் அப்பிடித்தான். பெப்ரவரியில வையுங்கோ."

நான் காத்திருந்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கூடாரத்திலிருந்து யாரோ கூப்பிட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து போய்விட்டார்.

"கோவமோ?" என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன்.

"கோவமோ, அவருக்கோ! அவற்ற தாய் செத்து ஒரு வருசம் வீட்டில பாட்டு இல்லை. ரேடியோவும் இல்லை. உந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது. செத்த மனிசியின்ர விசயத்தில அவர் ரெண்டாந்தரம் வாய் திறக்கமாட்டார்." வடைத் துண்டைக் கடதாசியில் சுற்றினார். "எங்கட பக்கமும் முறை இருக்குத்தானே."

தேநீருக்கு உள்ள விதியைச் சாவுக்குப் பாவித்துவிட்டேன். இத்தனை வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன். விண்ணப்பம் வந்தால்தான் எனக்கு வேலை. இனி விண்ணப்பம் வராது. தூரத்தில் மகள் சிப்ஸ் பொட்டலங்களோடு வரிசையை விட்டு வெளியே வந்து, என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எழுந்து கூடாரத்துக்குள் போனேன். ஆறேழு பேர் வட்டமாக இருந்து வாசித்தார்கள். அவருக்கு மூச்சுத்தான் கட்டை, விரல்கள் ஓடின. பாட்டு முடியட்டும் என்று நின்றேன். முடிகிற இடத்தில் மூச்சு விடாமல் அடுத்ததைத் தொடங்கினார்கள். அதிலிருந்து இன்னொன்று. அவர்களுடைய வழக்கம் அப்படியாம், எனக்குத் தெரியாது. கடைசியில் நடுவிலேயே குனிந்து காதுக்குள் சொன்னேன்.

"செப்டெம்பர். சனிக்கிழமை."

விரல் நின்றது. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள்.

"உங்கட மனிசிக்கு?"

"அவளுக்கு நான் பதில் சொல்லுறன். வையுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டிய இடம் அது. என் வாயில் வந்தது வேறு.

"பதினஞ்சு முழு நாளுக்கு முன்னம் பதிவு ஒபிஸில நோட்டீஸ் குடுக்க வேணும். ரெண்டு பேரும் நேரில போக வேணும்."

"சரி, நேரில போகட்டும்," என்றார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, மற்றவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது, அதுதான் தெரிந்தது. வெளியே வந்து மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள். சிப்ஸ் விழாமல் நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.

அந்தக் கிழமை பிளேஸ்டோவிலிருந்து மனைவியின் தமக்கை போன் எடுத்தார்.

"ஆட்டை முடியேல்லை, அதுக்குள்ள மேளமோ? அந்தாக்கள் உங்களை அந்தரப்படுத்தி நெருக்கினவையோ?"

ஓம் என்றால் போதும். கதவை அவரே திறந்து வைத்திருந்தார்.

"இல்லை மச்சாள். அவை ரெண்டாந்தரம் கேக்கவே இல்லை. நானாத்தான் சொன்னனான்."

 மச்சாள் போனை வைத்துவிட்டார். கலியாணத்துக்கும் வரவில்லை. அந்த போன் வந்த மறுநாள் காலை நான் பதிவு அலுவலகத்துக்கு போன் எடுத்து, மகளும் மாப்பிள்ளையும் நேரில் போக நேரம் எடுத்துக் கொடுத்தேன்.