பத்திரக்கடை ஜாஸ்மினின் அறுபத்திரண்டாவது விண்ணப்பம்

அறுபத்தொரு தடவை கதவைத் தட்டியும் உள்ளேயிருந்து ஒரு குரலும் வராவிட்டால் நல்ல பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஜாஸ்மினை நல்ல பிள்ளை என்று அனகாபுத்தூரில் அவளுடைய அப்பாவைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை.

அவள் தட்டியதெல்லாம் கண்ணாடிக் கதவுகள். கம்பெனியைக் கம்பெனி வாங்குவதற்கும், ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவதற்கும் ஒப்பந்தம் எழுதித் தருகிற பெரிய வக்கீல் நிறுவனங்கள். கோர்ட் வாசலை மிதிக்காமலே வக்கீல் தொழில் பார்க்கிறவர்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகளை விடுமுறையில் நான்கு வாரம் சேர்த்துக்கொண்டு வேலை பழக்குவார்கள். அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். முடித்தால் ஒரு சர்டிஃபிகேட். அந்தத் தாள் இல்லாமல், படிப்பை முடித்துவிட்டு எத்தனை மார்க்கோடு போய் நின்றாலும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஜாஸ்மினுக்கு, வண்டலூர் தாண்டி இருக்கிற அரசு சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு முடிகிற சமயம். மிச்சமிருந்தது ஒரே ஒரு கோடை விடுமுறை. அதற்குள் அந்தத் தாள் கைக்கு வந்தாக வேண்டும்.

அவளுடைய அப்பா வேதசிரோமணி, தோல் பதனிடும் ஷெட்டுகள் மூடிய பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போனவர். இதேமாதிரி கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார். "அதுக்குள்ள போறதுக்கு இன்னா அவ்ளோ ஆசை உனக்கு? ஏசி குளுரு தாங்காது, பாத்துக்கோ" என்று கிண்டல் செய்வார். ஆனால் மகள் மெயில் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கண்ணும் ஃபோன் பக்கமே போகும்.

ஆசை வந்த கதை வேறு. பிளஸ் டூ முடித்த லீவிலிருந்தே ஜாஸ்மின் ஒரு பத்திரக்கடையில் வேலை பார்த்துவந்தாள். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே இருந்த அந்தக் கடை, பத்திர எழுத்தர் தையல்நாயகிக்குச் சொந்தம். தையல்நாயகிக்கு நாற்பத்தாறு வயது, எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். கல்லூரி இல்லாத நாளெல்லாம் ஜாஸ்மின் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கிரயப் பத்திரம் அடிப்பாள், வில்லங்கம் பார்ப்பாள். சுற்றுவட்டாரத்தில் பெரிய நிலம் எது கைமாறினாலும், கூடவே இங்கிலீஷில் நூறு பக்க ஒப்பந்தம் ஒன்று வரும். நிலத்தை விற்கிறவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், விரல் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார்கள். ஜாஸ்மின் புரட்டினாள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, இவர்களுடைய தலையெழுத்தை வரிக்கு வரி யோசித்து எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. அந்த மேசையில் தானும் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

விண்ணப்பம் போடுவதற்கு உதவி செய்தவள் சின்மயி. சேலையூர்க்காரி, பள்ளித் தோழி, வெளியூரில் பெரிய பெயர் எடுத்த சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறவள். நல்ல மனசுக்காரி. ஜாஸ்மினின் பயோடேட்டாவைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"பத்திரக்கடையெல்லாம் போடாதடி. டைப்பிஸ்ட்னு நினைச்சுப்பாங்க. அட்ரஸும் அனகாபுத்தூர் வேண்டாம், பல்லாவரம்னு போடு. ஹாபின்னா டிபேட்டிங், டிராவல் ரெண்டும் போதும்."

ஜாஸ்மின் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி. இருந்தாலும் போட்டாள். நான்கு வருட உழைப்பை ஒரே அழுத்தில் அழித்தாள். தாம்பரத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மெயில் தட்டினாள். 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று அறுபத்தொரு தடவை எழுதினாள். ஐம்பத்து மூன்று பேர் வாயே திறக்கவில்லை. ஏழு பேர், இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். கடைசியாக வந்த ஒரு பதில்தான் அவளைக் கிளப்பிவிட்டது. 'அன்புள்ள ஆதித்யா, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கியிருந்தது.

நிராகரிக்கக்கூட அவளுடைய பெயர் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அதில் பாதி அவள்மேலேயே. யாரோ ஒரு ஆதித்யாவைப் போல இருக்கத்தானே இத்தனை நாளாக அவள் மெனக்கெட்டிருந்தாள்!

அறுபத்திரண்டாவது விண்ணப்பத்தை அன்று மதியமே, கடையில் உட்கார்ந்து எழுதினாள். டிபேட்டிங் போனது, டிராவல் போனது. 'நான் அனகாபுத்தூரில் இருக்கிறேன். நான்கு வருடமாகப் பத்திரக்கடையில் வேலை செய்கிறேன். அறுநூறு கிரயப் பத்திரங்கள் அடித்திருக்கிறேன். உங்களைப் போன்ற நிறுவனங்கள் எழுதுகிற ஒப்பந்தங்களை, கையெழுத்துப் போடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். எழுதுகிறவர்களின் பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். இடம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் என் பெயரைப் போட்டு இல்லை என்று சொல்லுங்கள்.' அனுப்பிவிட்டு ஒரு டீ குடித்தாள்.

இரண்டே நாளில் பதில் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரவும்.

கிண்டியில் பத்தாவது மாடி. பேசியவர் ஹரிபிரசாத், அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். கையை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையும் களைத்த முகமுமாக, மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார்.

"ரொம்ப யூஸ்ஃபுல்லான ப்ரொஃபைல். குன்றத்தூர் பக்கம் ஒரு பெரிய லேண்ட் டீல் போயிட்டு இருக்கு. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல உங்களுக்கு ஆளுங்களைத் தெரியும் இல்லையா? எங்க கிளார்க் ஜெயவேலுவோட இருங்க. பத்திரக் காப்பி வாங்கறது, வில்லங்கத்துக்கு ஈசி போடறது, ஸ்டாம்ப் பேப்பர் எடுத்துட்டு வர்றது... நாலு வாரம். சர்டிஃபிகேட் குடுத்துடலாம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், நீள மேசையைச் சுற்றி அவள் வயசுப் பிள்ளைகள் ஐந்து பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஜாஸ்மின் அந்தப்பக்கம் கையைக் காட்டினாள்.

"அங்க உக்காருவேனா சார்? ட்ராஃப்ட் படிக்கத் தருவீங்களா?"

"அது டீல் டீம். அவங்கள்லாம் கிளையன்ட் ரெஃபரன்ஸ்ல வந்தவங்க. உங்களுக்கு எது செட் ஆகுமோ அதைத்தான் சொல்றேன்."

தலையாட்டியிருந்தால் தாள் கைக்கு வந்திருக்கும். ஜாஸ்மினுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் எழுந்தாள்.

"இதெல்லாம் நான் ஏற்கெனவே செய்யற வேலை சார். இதுல கத்துக்க எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு ஆள் வேணும்னா ஜெயவேலு சாரை எங்க கடைக்கு அனுப்புங்க, நல்லபடியா செஞ்சு குடுப்போம். இன்டர்னா வரணும்னா எனக்கு அந்த மேசையில ஒரு நாற்காலி வேணும்."

கடை விலாசம் அச்சடித்த சீட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அது வரைக்கும் கெத்தாகத்தான் இருந்தாள். கிண்டி ஸ்டேஷனுக்கு வந்ததும் அதெல்லாம் போய்விட்டது. பல்லாவரம் வரைக்கும் ரயிலில் ஜன்னலைப் பார்த்து அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா நீட்டிய கடலை மிட்டாயை அழுதபடியே தின்றாள்.

சின்மயி ஃபோனில் பொரிந்து தள்ளினாள். "நாலு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கலாம்ல? சர்டிஃபிகேட்ல நீ ஸ்டாம்ப் பேப்பர் தூக்கினதாவா போடப்போறாங்க? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் ஜாஸ்மின்.

எட்டு நாள் கழித்து ஜெயவேலு கடைக்கு வந்து நின்றார். வழுக்கைத் தலை, கையில் ஃபைல், முகமெல்லாம் வியர்வை. வழக்கமாகக் காப்பி வாங்கித் தருகிற ஆள் ஊரில் இல்லையாம். ஏழு சர்வே எண்கள் கொண்ட பட்டியலை நீட்டி, "எல்லாத்துக்கும் காப்பி வேணும்மா. திங்கக்கெழம அக்ரிமென்ட்டு. ரொம்ப அர்ஜெண்ட்டு" என்றார்.

ஜாஸ்மின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். ஏழும் புது எண்கள். ஒரே பெரிய நிலத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறுக்கும் கொடுத்த உட்பிரிவு எண்கள்.

"பழைய நம்பர்ல வில்லங்கம் போட்டீங்களா சார்?"

"அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துட்டாங்கம்மா. க்ளீன்னு ரிப்போர்ட்டே எழுதியாச்சு."

பத்திரக்கடையில் ஒரு மாசம் உட்கார்ந்தவர்களுக்குக்கூட இது தெரியும். நிலத்தைக் கூறு போடுவதற்கு முன்னால் பதிவான பத்திரங்கள் பழைய எண்ணின் கீழேயே கிடக்கும். புது எண்ணை மட்டும் தட்டினால், கம்ப்யூட்டர் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடும். பத்தாவது மாடியில் இருந்த யாரும் அப்படி ஒரு மாசம் உட்காரவில்லை. ஜாஸ்மின் பழைய எண்ணைத் தட்டினாள். 1991ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்று வந்து விழுந்தது. அன்றைக்கு அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், கிழக்குப் பாதியைத் தன் மகள் கிளியம்மாளுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிவைத்திருந்தார். இப்போது விற்கிறவர்கள் அவளுடைய அண்ணன் தம்பிகள். விற்பவர் பட்டியலில் கிளியம்மாள் என்ற பெயரே இல்லை.

தையல்நாயகி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "உனுக்கு இன்னாடி வந்துது? நாற்காலி இல்லன்னு தொரத்துனானுங்கோ இல்ல? கேட்ட காப்பிய குட்த்து அனுப்பு. மாட்டிகினு முழிக்கட்டும்."

"அவங்க முழிக்கட்டும்க்கா. இந்தப் பொம்பள இன்னா பாவம் பண்ணுச்சு?"

தையல்நாயகி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

ஜாஸ்மின் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினாள். பத்திரத்தின் எண், தேதி, எந்தக் கூறுகள் அதற்குள் விழுகின்றன, ரிப்போர்ட் ஏன் தப்பு, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று வரிசையாக எழுதி, அடியில் தன் முழுப்பெயரைப் போட்டாள். காப்பிகளோடு அதையும் சேர்த்து ஜெயவேலுவின் ஃபைலில் வைத்தாள். அவர் நின்றபடியே படித்தார். வந்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பிப் போனார்.

மூன்றரை மணிக்கு ஹரிபிரசாத்தே ஃபோன் செய்தார். திங்கட்கிழமை அக்ரிமென்ட்டை நிறுத்திவிட்டார்களாம். "குட் கேட்ச்" என்றார். பிறகு, "இந்தக் கிளியம்மாள் இப்ப உயிரோட இருக்காங்களா? எங்க இருக்காங்க? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார்.

"அதக் கண்டுபிடிக்கறது டீல் டீமோட வேலை சார். நான் அந்த டீம்ல இல்ல."

தையல்நாயகி அடித்துக்கொண்டிருந்த பத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஓகே. திங்கக்கிழமை வாங்க. டீமோட உக்காருங்க" என்றார் ஹரிபிரசாத்.

"மெயில்ல போடுங்க சார். எங்க தொழில்ல வாய்ப்பேச்சு செல்லாது."

மெயில் ஒரு மணி நேரத்தில், ஒரு கடிதத்தோடு வந்தது. நான்கு வாரம், திங்கட்கிழமை முதல். 'அலுவலக ஊழியர்களுக்கு ஆவணப் பணிகளில் உதவியாக' என்று மூன்றாவது வரியில் இருந்தது. வேறு யாராவது இருந்தால் சந்தோஷத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஜாஸ்மின் அதை அடித்துவிட்டு, 'டீல் டீமின் இன்டர்னாக, ஒப்பந்த வரைவுகளைப் படிக்கவும் எழுதவும்' என்று மாற்றினாள். சர்டிஃபிகேட்டிலும் இதே வாசகம் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு திங்கட்கிழமையை அடித்துச் செவ்வாய்க்கிழமை ஆக்கினாள்.

"அடிப்பாவி! கெடச்சத கெடுத்துக்காதடி! கெழமைய எதுக்குடி மாத்துற?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தையல்நாயகி.

"திங்கக்கெழம முகூர்த்த நாளுக்கா. நாப்பது பத்திரம் கீது, நீ ஒண்டியா இன்னா பண்ணுவ? செவ்வாக்கெழம ஒருத்தனும் பத்திரம் பதிய வரமாட்டான். அன்னிக்குப் போறேன்."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபேன வேகமா வையி" என்றாள்.

ஜாஸ்மின் அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் பயம் வந்தது. வராவிட்டால் போகட்டும் என்கிற வீறாப்பெல்லாம் அவளிடம் இல்லை. அந்த மேசை அவளுக்கு வேண்டும், உயிர் போகிற அளவுக்கு வேண்டும். ஓரமாக நிற்பதற்கு மட்டும் வேண்டாம். இரண்டு பாகப்பிரிவினைப் பத்திரங்களை அடித்து முடித்தாள். இரண்டிலும் தப்பு விட்டு, திரும்ப அடித்தாள். எதிரே பதிவு அலுவலகத்தில் டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் கடைசி ரவுண்டு வடை முடிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. அவள் திருத்தி அனுப்பிய தாளே, அடியில் ஹரிபிரசாத்தின் கையெழுத்தோடு. தையல்நாயகி கத்திய கத்தலில் ஜெராக்ஸ்காரர் கடையை விட்டு வெளியே ஓடிவந்தார். ஜாஸ்மின் மட்டும் எழுந்திருக்கவில்லை. தாளை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள், எதையாவது விட்டிருக்கிறார்களா என்று.

எதையும் விடவில்லை.