சந்தனம் காட்டிய சூடு

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் அதிகம் படிக்காதவன். சாமி காரியத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து எழுதினால் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈஜோக் என்ற ஊரில் குடியிருந்தபோது, கம்ப்யூட்டரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதுதான் என் பொழுதுபோக்கு. வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் என்னும் சிறு கல்லைக் கழற்றிவிட்டு, வேகமான கல்லைப் பொருத்தினேன். பிராசஸர் பறந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடும். பிராசஸர்தான் சூடாகிறது என்று மேசை விசிறியை அதன்மேல் திருப்பி வைத்தும் பயனில்லை.

“இது என்னா, தஞ்சோங் காராங்குக்கா ஓடப் போவுது? ஆயுத பூசைக்குள்ள சரியாவலனா பழைய கல்லயே மாட்டிருங்க லா,” என்றாள் மனைவி. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பூசையன்று, திறந்து கிடந்த பெட்டிக்குள் சிப் என்னும் சில்லு ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் சந்தனப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டு மெஷினை ஓடவிட்டேன்.

“ஏங்க, இந்தப் பொட்டு மட்டும் அதுக்குள்ள காஞ்சிருச்சே?”

பிராசஸர் மேல் சந்தனம் ஈரமாகவே இருந்தது. காய்ந்தது ஓரத்து மெமரி சில்லில். அதைப் பிடுங்கி வேறொன்று செருகினேன். பொழுது சாயும்வரை மெஷின் நிற்கவே இல்லை. பழைய கல் டப்பாவிலேயே கிடந்தது.

அம்மன் அருள் என்றே நம்புகிறேன். ஆனால் சந்தனம் பட்டதும் மெஷின் குணமாகிவிட்டதாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். சந்தனம் சூட்டைக் காட்டியது. கண்டுபிடித்தவள் என் மனைவி. சில்லை மாற்றியவன் நான். பிறருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.