குழலுக்குள் வெந்நீர்

பெயரைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. "தையல்கடைப் பாப்பா" என்று கேட்டால் போதும், கடை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். பாப்பாவுக்கு ஐம்பது வயது. கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடையைப் பிரித்துப் பெரிதாக்குவது என்று ஆறு நாளும் ஊசியோடு கிடக்கும் அந்தக் கை, ஞாயிற்றுக்கிழமையானால் துப்பாக்கியைத் தூக்கிவிடும்.

துப்பாக்கி அவள் அப்பாவுடையது. கருமருந்தையும், துணி சுற்றிய ஈயக்குண்டையும் குழலின் வாய் வழியே போட்டுக் கோலால் அழுத்தி இறக்கும் பழைய ரகம். மனுஷன் அதை மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பொதுச்சொத்து என்றால் கேட்கவா வேண்டும்! வாரம் ஒருவர் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டு, ஞாயிறு இருவரும் சுட்டார்கள். சுடுவதில் சண்டை வரவில்லை, கழுவுவதில்தான் வந்தது.

அண்ணன் கார் மெக்கானிக். இரும்பின் மேல் தண்ணீர் படவே கூடாது என்பது அவருக்கு வேதம். பெட்ரோல் வாடை அடிக்கும் துப்பாக்கி எண்ணெய் ஒரு பாட்டில் வைத்திருந்தார். அவர்கள் சுடப் போகும் கிளப்பில் புதுரகத் துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் ஊற்றினார்கள், அவர்களுக்கு அது சரியாகவும் இருந்தது. இந்தப் பழைய குழலுக்கோ அது ஆகவில்லை. நாலைந்து குண்டு ஒழுங்காக இறங்கும், பிறகு போடுவது குழலின் பாதியில் நின்று அடம்பிடிக்கும். வருஷா வருஷம் போட்டியில் இதே கூத்து. அண்ணன் மருந்தைத் திட்டுவார், குண்டைத் திட்டுவார், பாப்பா வெட்டிக் கொடுத்த துணியையும் சேர்த்துத் திட்டுவார். பாட்டிலை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

ஒரு ஞாயிறு சுட்டு முடித்து இருவரும் கை துடைத்தார்கள். அண்ணன் பாட்டில் எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்தார், ஒட்டியிருந்த மருந்துக்கரி தார் மாதிரி இழுத்துக்கொண்டு முழங்கைவரை ஏறியது. பாப்பா குழாயடியில் சோப்பு போட்டாள், கை பளிச்சென்று ஆகிவிட்டது. கையில் போவது குழலில் மட்டும் போகாதா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தன் முறை வரும் வாரமெல்லாம் சோதனைதான். மண்ணெண்ணெய் விட்டாள், பசைதான் மிச்சம். கண்ணாடி துடைக்கும் திரவம் பரவாயில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் கொதிக்கிற தண்ணீரும் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டன. குழலை மரப்பிடியிலிருந்து கழற்றி, அடியை வாளியில் நிறுத்தி, கோலின் நுனியில் துணி மாட்டி மேலும் கீழும் இழுத்தால் மை மையாகக் கொட்டியது. துடைக்கும் துணிக்குப் பழைய பனியனே உசத்தி. அலமாரியில் தன் பனியன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை அவள் வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். மிச்சமிருந்த இரண்டையும் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தார்.

ஆனால் அவசரம் காலை வாரியது. ஒருநாள் கழுவிய குழலை ஈரத்தோடு சாய்த்துவிட்டு, வந்த வாடிக்கையாளருக்கு அளவெடுக்கப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தார். குழலின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் செம்மண் நிறத்தில் துரு.

"அப்பா துப்பாக்கியைப் பாத்திரம் மாதிரி கழுவி வெச்சிருக்க. இனிமே இது உன்கிட்ட இருக்கக் கூடாது," என்றார்.

அப்பா பாப்பாவின் தோளைப் பிடித்துக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்தத் துப்பாக்கியில்தான். அதை இழப்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. இந்த வருஷப் போட்டியில் இதே துப்பாக்கியால் காலையில் நீ சுடு, மதியம் நான் சுடுகிறேன், யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கே துப்பாக்கி என்றாள். அதுவரை பழைய முறையே என்று அண்ணன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மேலாகப் பிடித்த துரு தேய்த்ததும் போய்விட்டது. தப்பு தண்ணீரில் இல்லை, தன்னிடம்தான் என்று பாப்பா புரிந்துகொண்டாள். கடைசியாக விடும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் குழலே சூடேறித் தானாகக் காயும். உடனே உலர்ந்த துணி விட வேண்டும். அதன்மேல் பாட்டில் எண்ணெய் இல்லை, தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிய களிம்பு, அதுவும் லேசாக.

போட்டிக்கு முந்திய வாரம் அண்ணன் முறை. குழல் பாட்டில் எண்ணெயில் குளித்துவிட்டு வந்தது. போட்டியன்று காலையில் அவர் சுட்டதெல்லாம் நடுவட்டம். பிறகு ஒரு குண்டு பாதி வழியில் நின்றது. தலைகீழாக நின்றும் இறங்கவில்லை. அப்படியே சுட்டால் குழல் வெடிக்கும் என்று மேற்பார்வையாளர் தடுத்து, திருகுகம்பி விட்டுக் குண்டைப் பிடுங்கி, மருந்தையும் கொட்டிவிட்டார்; அண்ணன் சுடுவது அதோடு முடிந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

மதிய இடைவேளையில் பாப்பா கிளப் சமையலறையிலிருந்து கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்தாள். புதுரகத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். முதலில் தார்க்கட்டியாக வந்தது, பிறகு மை, பிறகு சாம்பல் தண்ணீர், கடைசியில் குடிக்கலாம் போல ஒன்று. குழல் ஆவி விட்டுக் காய்ந்தது.

அவள் சுட்டாள். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒருமுறை, காய்ந்த துணி ஒருமுறை. சிரித்தவர்கள் மெல்ல அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். கடைசிக் குண்டு முதல் குண்டைப் போலவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. புகை விலகியபோது இலக்கின் நடுவில் புதுத் துளை இருந்தது. அண்ணனைத் தாண்டினாள், கிளப் மொத்தத்தையும் தாண்டினாள். வீட்டுக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினார்.

திரும்பவும் கழுவிக் காயவைத்தபோது பையில் துணி தீர்ந்திருந்தது. அண்ணன் வந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். பாப்பா அதைக் கிழித்துக் கோலில் மாட்டி உள்ளே விட்டு இழுத்தாள். போன வெள்ளை வெள்ளையாகவே வந்தது. அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"துப்பாக்கி உன்னோடது, பாப்பா," என்றார்.

"என்னோடதுதான். ஞாயித்துக்கிழமை வந்து சுடுண்ணே," என்றாள் அவள். "வரும்போது அந்தப் பாட்டிலை வெச்சுட்டு, ரெண்டு பனியன் எடுத்துட்டு வா."